13 டாலர் 86 சென்ட்: சார்லஸ் இங்கல்ஸ் குடும்பம் நிலம் தேடிய கதை

1880 பிப்ரவரி 19. டகோட்டா பிரதேசத்தின் புரூக்கிங்ஸ் ஊரில் இருந்த அரசு நில அலுவலகத்தில், 44 வயதான ஒரு குடும்பஸ்தர் 13 டாலர் 86 சென்ட் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். அந்த ரசீதில் இருந்த நிலம் 154.29 ஏக்கர். பணத்தின் கணக்கு இப்படி: பதிவுக் கட்டணம் 10 டாலர். மீதி 3 டாலர் 86 சென்ட், அலுவலகத்தின் இரண்டு அதிகாரிகளுக்கும் போகிற கமிஷன். நிலத்தை ஏக்கருக்கு 1.25 டாலர் என்று மதிப்புப் போட்டு, அதில் ஆளுக்கு நூற்றுக்கு ஒன்று. நிலத்துக்கென்று விலை கிடையாது. ஆனால் நிலம் அன்றைக்கே சொந்தமாகிவிடவும் இல்லை. ஐந்து வருடம் அங்கே குடியிருந்து, உழுது பயிர் வைத்து, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிரூபித்தால்தான் பட்டா.

பணம் கட்டியவர் பெயர் சார்லஸ் பிலிப் இங்கல்ஸ். அவருடைய இரண்டாவது மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர், அறுபது வயதுக்கு மேல் எழுத உட்கார்ந்து, 1932 முதல் 1943 வரை வெளிவந்த ‘லிட்டில் ஹவுஸ்’ நாவல் வரிசையில் தன் அப்பாவை அமெரிக்காவே அறிந்த ஆளாக ஆக்கிவிட்டார். அந்த நாவல்களில் அப்பா ஃபிடில் வாசிப்பார், வேட்டையாடுவார், பக்கத்தில் புகை தெரிகிற தூரத்தில் இன்னொரு வீடு வந்துவிட்டால் வண்டியைக் கட்டி மேற்கே கிளம்பிவிடுவார். கால் ஓரிடத்தில் தரிக்காத மனிதர்.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் இந்தக் குடும்பத்தின் நிலக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஓர் ஆள் தெரிகிறார். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் பின்னால் ஒரு கடனோ, பட்டா இல்லாத நிலமோ, பூச்சி தின்ற வயலோ இருக்கிறது. மேற்குத் திசை மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வண்டியைக் கட்ட வைத்தது பெரும்பாலும் ஆசை அல்ல.

வேர்

இங்கல்ஸ் குடும்பத்தின் அமெரிக்க வரலாறு 1629-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து வந்த எட்மண்ட் இங்கல்ஸ், மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரின் முதல் குடியேறிகளில் ஒருவர். குதிரையில் போகும்போது பாலம் உடைந்து ஆற்றில் விழுந்து 1648-ல் இறந்துபோனார். அவருடைய பேத்தி மார்த்தா கேரியர், மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்கில் 1692 ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருத்தி. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் அல்வா மாதிரி. இந்த ஆய்வுக்கு வேண்டியது இவ்வளவுதான்: இருநூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் இருந்தும் நிலைத்த சொத்து சேராத ஒரு கிளையில் சார்லஸ் பிறந்தார். 1836 ஜனவரி 10, நியூயார்க் மாநிலத்தின் கியூபா என்ற ஊர். அப்பா லான்ஸ்ஃபோர்டு, குடும்பத்தோடு இல்லினாய் போனார், அங்கிருந்து விஸ்கான்சினில் கான்கார்டு பக்கம் வந்தார். அந்தப் பண்ணையும் 1860களின் தொடக்கத்தில் அடமானக் கடனில் கைவிட்டுப் போயிற்று. ஆக, கடனில் நிலம் இழப்பதை சார்லஸ் முதலில் பார்த்தது அப்பாவின் வீட்டில்.

கான்கார்டில்தான் குவைனர் குடும்பம் பக்கத்து வீடாக அமைந்தது. கேரலைன் குவைனர் 1839-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியை. அவருக்கு ஐந்து வயது இருக்கும்போதே அப்பா ஏரியில் கப்பல் விபத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு குடும்பங்களும் கொண்டான் கொடுத்தான் ஆகிவிட்டன: 1859-ல் சார்லஸின் தங்கை பாலியைக் கேரலைனின் அண்ணன் ஹென்றி கட்டினார், 1860 பிப்ரவரி 1 அன்று சார்லஸ் கேரலைனைக் கட்டினார், 1861-ல் சார்லஸின் அண்ணன் பீட்டர், கேரலைனின் தங்கை எலைசாவைக் கட்டினார். ஒரு பெண்ணைக் கொடுத்து இரண்டு பெண்களை எடுத்தார்கள். இது சும்மா சுவாரசியத்துக்குச் சொல்வதல்ல. பிற்பாடு ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் இந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சம்பந்திக் கூட்டம்தான்.

1863-ல் சார்லஸும் மைத்துனர் ஹென்றியும் சேர்ந்து விஸ்கான்சினில் பெப்பின் அருகே காட்டு நிலம் வாங்கினார்கள். மேரி 1865-லும் லாரா 1867-லும் அங்கேதான் பிறந்தார்கள். 1868-ல் அந்த நிலத்தைத் தவணைக்கு விற்றுவிட்டு மிசூரி மாநிலத்தின் சாரிட்டன் கவுண்ட்டிக்குப் போனார்கள். அங்கே நிலம் வாங்கியதும் கடனுக்கே; அது நிலைக்கவில்லை, விற்றவரிடமே திரும்பிப் போனது. நாவலில் மிசூரி ஊரே கிடையாது.

கான்சாஸ்: யாருடைய நிலம்?

இந்த ஆய்வின் நடு முடிச்சு இங்கேதான். 1869-ல் குடும்பம் கான்சாஸ் மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்ட்டிக்கு வந்து, இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து சுமார் 13 மைல் தென்மேற்கே ஒரு மரக்குடிசை கட்டியது. லாராவுக்கு அப்போது இரண்டரை வயது. நாவலில் அந்தத் தூரம் 40 மைல் என்று இருந்ததால், வீடு இருந்த இடத்தை ரொம்ப நாள் தப்பான திசையில் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உள்ளூரில் ஒருவர் 1870-ம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அக்கம்பக்கத்து நிலப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்து ரட்லண்ட் டவுன்ஷிப்பில் இடத்தைக் கண்டுபிடித்தார். கையால் வெட்டிய ஒரு பழைய கிணறு அதற்குத் துணைச் சாட்சி. கணக்கெடுத்தவர் குடும்பப் பெயரை ‘இங்கிள்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது: பேர் தப்பாக இருக்கும், பிள்ளைகள் வரிசை சரியாக இருக்கும். மேரி, லாரா, கூடவே அந்த ஆகஸ்ட் 3 அன்றுதான் பிறந்திருந்த கைக்குழந்தை கேரி.

அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் நிலத்தின் மதிப்பை எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. இந்தப் பகுதிக் குடியேறிகள் எவருக்கும் அதில் எதுவும் எழுதப்படவில்லை. நிலம் ஓசேஜ் இந்தியர்களுடையது (அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஓர் இனம்), குடியேறிகளுக்கு அதில் உரிமை இல்லை என்று கணக்கெடுத்தவரே குறித்து வைத்தார். அரசாங்கத் தாளில் அரசாங்க ஆளே எழுதியது. நம் பாஷையில் சொன்னால் ஆக்கிரமிப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், புறம்போக்கில் குடிசை போட்டுவிட்டு, நாளைக்கு எப்படியும் பட்டா கொடுப்பார்கள் என்று காத்திருப்பது. வித்தியாசம் என்னவென்றால், இது புறம்போக்கே இல்லை. ஒப்பந்தப்படி இன்னொரு மக்களுக்குச் சொந்தமான பூமி.

அந்த நம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. 1841-ம் வருடச் சட்டப்படி, அரசு நிலத்தில் முதலில் உட்கார்ந்தவருக்கே ஏக்கர் 1.25 டாலருக்கு வாங்கும் முன்னுரிமை. இந்தச் சட்டம் பழக்கிவிட்ட புத்தி, இந்தியர் நிலத்திலும் அதே மாதிரி நடக்கும் என்று சொன்னது. அதே நேரத்தில் மேலே வேறு பேரம் ஓடிக்கொண்டிருந்தது. 1868-ல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தம், ஓசேஜ்களின் 80 லட்சம் ஏக்கரை ஒரு ரயில்வே கம்பெனிக்கு ஏக்கர் 20 சென்ட் வீதம் கொடுக்கப் பார்த்தது. கூச்சல் கிளம்பி அது செனட்டில் நிறைவேறாமல் போனது. கூச்சல் போட்டவர்களில் குடியேறிகளும் இருந்தார்கள். ஓசேஜ்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, ரயில்வேக்காரன் கைக்குப் போனால் நமக்கு விலை ஏறிவிடுமே என்றுதான்.

1870 ஜூலை 15 அன்று காங்கிரஸ் சட்டம் போட்டது: ஓசேஜ்கள் தெற்கே இந்தியர் பிரதேசத்துக்கு (இன்றைய ஓக்லஹோமா) போக வேண்டும், கான்சாஸ் நிலம் குடியேறிகளுக்கு ஏக்கர் 1.25 டாலருக்கு விற்கப்படும். பணம் ஓசேஜ்கள் கணக்கில் சேரும். செப்டம்பரில் டிரம் கிரீக்கில் கூடிய கூட்டத்தில் ஓசேஜ்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதுவது சுலபம். குளிர்கால வேட்டைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தங்கள் ஊருக்குள்ளேயே புதிய குடிசைகள் முளைத்திருக்கும், குதிரைகள் திருடு போயிருக்கும், சோளம் போயிருக்கும், கல்லறைகள்கூடத் தோண்டப்பட்டிருக்கும் என்ற நிலையில் ஒப்புக்கொண்டது அது.

லாராவின் நாவலில் இந்தியர்கள் வீட்டுக்குள் வந்து சோளரொட்டியையும் புகையிலையையும் கேட்டு எடுத்துப்போகிற காட்சி உண்டு. பயந்து நடுங்கும் குழந்தையின் கண்ணில் அது கொள்ளை. நிலம் யாருடையது என்று தெரிந்த பிறகு படித்தால், வாடகை வசூல் மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பகுதியில் சில குடியேறிகள் ஓசேஜ்களுக்குப் பணமாகவே கட்டணம் கொடுத்துவந்ததும் உண்மை.

அந்த வருடம் குடும்பம் முழுவதும் மலேரியாவில் படுத்தபோது வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஜார்ஜ் டான். கறுப்பினத்தவர், ஓசேஜ்களுக்கும் மருத்துவம் பார்த்தவர், அதே கணக்கெடுப்பில் பக்கத்து வீட்டுக்காரர்.

சரி, ஏன் கிளம்பினார்கள்? நாவல் சொல்வது: சிப்பாய்கள் வந்து நம்மைத் துரத்தப் போகிறார்கள், அதற்கு முன் நாமே போய்விடலாம் என்று அப்பா கோபத்தோடு வண்டி கட்டினார். தேதிகளைப் பார்த்தால் இது நிற்காது. குடும்பம் கிளம்பியது 1871-ன் தொடக்கத்தில். அதற்குள் சட்டம் குடியேறிகள் பக்கம் சாய்ந்து அரை வருடம் ஆகியிருந்தது. துரத்தப்பட்டது ஓசேஜ்கள். சார்லஸ் இருந்திருந்தால் 200 டாலருக்கு 160 ஏக்கர் பட்டாவோடு கிடைத்திருக்கும். ஆனால் அந்த 200 டாலர் கையில் இருக்க வேண்டுமே! அதே சமயம் விஸ்கான்சினிலிருந்து செய்தி வந்தது: பெப்பின் நிலத்தை வாங்கியவர் தவணை கட்ட முடியாமல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். எதிர்பார்த்த பணம் வராது, ஆனால் பழைய நிலம் மறுபடி நம்முடையது. பணமில்லாத ஒருவர் இந்த நிலையில் என்ன செய்வாரோ அதைத்தான் சார்லஸும் செய்தார். மேற்கே அல்ல, கிழக்கே திரும்பினார்.

ஓசேஜ்கள் நிலம் விற்ற தங்கள் பணத்திலேயே இந்தியர் பிரதேசத்தில் செரோக்கிகளிடமிருந்து புது நிலம் வாங்கினார்கள். பிற்பாடு அங்கே எண்ணெய் கிடைத்தது, அதனால் 1920களில் கொலைகள் விழுந்தன. அது தனி ஆய்வுக்கான விஷயம்.

இரண்டு அரைப் பீப்பாய் மாவு

1873-ல் பெப்பின் நிலத்தை மறுபடி விற்று, 1874 வசந்தத்தில் மினசோட்டாவின் வால்நட் குரோவ் பக்கம் பிளம் கிரீக் ஓடைக் கரைக்கு வந்தார்கள். இந்தத் தடவை நிலம் முறையானது. 172 ஏக்கர், ஏக்கர் 2.50 டாலர், மொத்தம் 430 டாலர் சொச்சம். ஏன் இரட்டை விலை? ரயில்வே கம்பெனிகளுக்கு அரசு பாதையின் இருபுறமும் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று நிலம் தானமாகக் கொடுத்தது. மிச்சமிருந்த கட்டங்களின் விலையை இரட்டிப்பாக்கி, கொடுத்ததை ஈடுகட்டிக்கொண்டது. ரயில் எல்லைக்குள் இலவசக் குடியிருப்பு நிலமும் 80 ஏக்கருக்கு மேல் அப்போது கிடையாது. ‘இலவச நிலம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது இந்தக் கட்டங்களை நினைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஓடைக்கரையில் குடைந்த மண்வீட்டில் இருந்தார்கள். பிறகு, விளையப்போகிற கோதுமையை நம்பி, அறுத்த பலகையைக் கடனுக்கு வாங்கி வீடு கட்டினார் சார்லஸ். வானத்திலிருந்து வந்தது வெட்டுக்கிளி.

ராக்கி மலை வெட்டுக்கிளி என்ற இனம் அது. 1873 முதல் 1877 வரை மினசோட்டா, டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சாஸ் என்று வரிசையாகத் தின்று தீர்த்தது. 1875-ல் நெப்ராஸ்காவில் ஒரு மருத்துவர் ஒரு கூட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டார்: 1,98,000 சதுர மைல். பயிர் மட்டுமல்ல, கலப்பைப் பிடியில் வியர்வை உப்பு ஊறிய மரத்தையும் காயப்போட்ட துணியையும் அரித்தது. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சி எண்ணெயில் ரயில் சக்கரம் வழுக்கியது. போகும்போது மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போனதால் அடுத்த வருடமும் நிச்சயம். (இவ்வளவு பெரிய இனம் 1902-க்குப் பிறகு உயிரோடு யார் கண்ணிலும் படவில்லை. அடியோடு அழிந்தது.) கோதுமை போனது, பலகைக் கடன் நின்றது. கூலிக்கு அறுவடை செய்ய சார்லஸ் கிழக்கே நடந்தே போனார்.

1875 நவம்பர் 30. மினசோட்டா அரசு நிவாரணம் கொடுத்தது, ஆனால் சும்மா கொடுக்கவில்லை. வேறு எந்த வழியுமில்லை, கையில் ஒன்றுமில்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரெட்வுட் கவுண்ட்டி அதிகாரிகளுக்கு சார்லஸ் அப்படி எழுதிக் கொடுத்து வாங்கியது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட். வீட்டில் மனைவி, மூன்று பெண்கள், ஒரு மாதம்கூட ஆகாத ஆண் குழந்தை.

இந்தக் காகிதம் நாவலில் இல்லை. நாவலில் அப்பா யாரிடமும் கை நீட்டியதே கிடையாது. என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு ஆவணம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பட்டாவை எடுக்கமாட்டேன், இந்த மாவுச் சீட்டைத்தான் எடுப்பேன்.

பேசாத வருடங்கள்

1876 ஜூலையில் பிளம் கிரீக் நிலத்தை விற்றார்கள். கோடையை பீட்டர் அண்ணன் வீட்டில், சவுத் டிராய் பக்கம் கழித்தார்கள். அங்கே ஆகஸ்ட் 27 அன்று அந்த ஆண் குழந்தை ஃபிரெடி, ஒன்பது மாதத்தில் இறந்தது. பிறகு அயோவாவின் பர் ஓக் ஊரில் ஒரு ஓட்டலை நடத்த உதவினார்கள். 1877 மே மாதம் கடைசிப் பெண் கிரேஸ் அங்கே பிறந்தாள். வருமானம் போதவில்லை, வாடகைப் பாக்கி ஏறியது. வீட்டுக்காரர் பொறுக்க மறுத்ததால் ஒரு நாள் இரவோடு இரவாக வண்டி கட்டிக் கிளம்பினார்கள். இதை லாராவே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1930 வாக்கில் எழுதிய அந்தக் கையெழுத்துப் படி 2014-ல்தான் அச்சில் வந்தது. பிள்ளைகளுக்கான நாவல்களில் ஃபிரெடி பிறக்கவே இல்லை, பர் ஓக் வரைபடத்திலேயே இல்லை.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு விடுபட்ட ஊர் இருக்கும். பாட்டியிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார். தேடுகிறவர் அங்கேதான் முதலில் தோண்ட வேண்டும்.

வால்நட் குரோவுக்கே திரும்பி சார்லஸ் தச்சு வேலையும் கசாப்புக்கடையுமாகக் காலம் தள்ளினார். 1879-ல் மேரிக்குக் கடும் காய்ச்சல், அதோடு பார்வை போனது. நாவலில் அதற்கு ஸ்கார்லெட் காய்ச்சல் என்று பெயர். லாராவின் குறிப்புகள், கடிதங்கள், அந்தக் காலத்து உள்ளூர் செய்தித்தாள் எல்லாவற்றையும் வைத்து 2013-ல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று, வைரஸால் வந்த மூளைக்காய்ச்சலாகவே இருந்திருக்க வேண்டும் என்றது. மேரி 1881 முதல் அயோவாவின் விண்டன் ஊரில் பார்வையற்றோர் கல்லூரியில் படித்து 1889-ல் முடித்தார். லாரா தையல் வேலை செய்தும் பாடம் சொல்லிக் கொடுத்தும் அக்காவுக்கு அனுப்பியது உண்மை. கல்விக் கட்டணத்தை டகோட்டா பிரதேச அரசு கட்டியதும் உண்மை. நாவலில் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேனைச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவின் கையெழுத்துப் படிகளைச் செதுக்கியவர் அவர். புகழ்பெற்ற எழுத்தாளர், 1930களின் அரசு நிவாரணத் திட்டங்களைக் கடுமையாக வெறுத்தவர். யார் தயவும் இல்லாமல் வாழ்ந்த குடும்பம் என்ற சித்திரம் அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. பழி முழுவதையும் மகள் மேல் போட நான் தயாரில்லை. அம்மாவுக்கும் அந்த மாவுச் சீட்டை எழுத மனம் வந்திருக்காது.

டி ஸ்மெட்

இந்தக் குடும்பத்தைக் கரை சேர்த்தது நிலமல்ல, சம்பளம். சார்லஸின் தங்கை டோசியாவின் கணவர் ரயில் பாதை ஒப்பந்ததாரர். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே டகோட்டாவுக்குள் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது, 1879-ல் கணக்கும் கடையும் பார்க்கும் வேலைக்கு மச்சானைக் கூப்பிட்டார். மாதம் 50 டாலர். குளிர்காலத்துக்கு வேலையாட்கள் கலைந்ததும், சில்வர் லேக் கரையில் சர்வேயர்கள் விட்டுப்போன வீட்டில் குடும்பம் தங்கியது. பக்கத்தில் வரவிருந்த டி ஸ்மெட் ஊர் இன்னும் உருவாகவே இல்லை. அதனால்தான் பிப்ரவரியிலேயே, கூட்டம் வருவதற்கு முன், சார்லஸ் புரூக்கிங்ஸ் போய் முதலில் சொன்ன அந்த 13 டாலர் 86 சென்ட்டைக் கட்ட முடிந்தது.

லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கிடைத்த நிலம் அது. 21 வயதான எவரும், அல்லது குடும்பத் தலைவர் எவரும் 160 ஏக்கர் வரை கேட்கலாம். பெண்களும் கேட்டார்கள், விடுதலையான கறுப்பினத்தவரும் கேட்டார்கள். மொத்தம் 16 லட்சம் பட்டாக்கள், சுமார் 27 கோடி ஏக்கர், அமெரிக்காவின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

முதல் குளிர்காலமே சோதித்தது. 1880 அக்டோபரில் முதல் பனிப்புயல். ஜனவரியில் ரயில் நின்றது. மறுபடி வந்தது மே மாதத்தில். குடும்பம் ஊருக்குள் சார்லஸ் கட்டியிருந்த கடைக் கட்டடத்தில் ஒடுங்கியது. விறகு இல்லை, காய்ந்த புல்லைக் கைநிறைய எடுத்து, முறுக்கி, நடுவில் மடித்து, இன்னொரு முறுக்கு முறுக்கி முனையைச் செருகினால் ஒரு கட்டை கிடைக்கும். அடுப்பில் போட்டால் சில நிமிடம். ஆகவே ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; கை விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். மாவு இல்லை; முழுக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் போட்டுச் சுற்றினார்கள். அதுவும் நாள் முழுவதும். நாவலில் இதைச் செய்வது அப்பா, அம்மா, நான்கு பெண்கள் மட்டும். நினைவுக்குறிப்பில் அதே வீட்டில் ஓர் இளம் தம்பதியும் அங்கேயே பிறந்த அவர்கள் குழந்தையும் இருந்தார்கள். வேலைக்குச் சோம்பல், சாப்பாட்டுக்கு முதல் ஆள் என்று லாராவுக்கு அவர்கள் மேல் ஆயுள் முழுக்கக் கோபம். நாவலிலிருந்து அவர்களை வெளியே தள்ளிவிட்டார். அந்தக் குளிரில் வீட்டிலிருந்து தள்ள முடியாததை அப்படித் தீர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

1886 மே மாதம் சார்லஸ் சாட்சிகளோடு போய் நிரூபித்தார். 50 வயதில் முதன்முறையாக, யாருக்கும் பாக்கியில்லாத ஹோம்ஸ்டெட் நிலம். அடுத்த வருடமே ஊருக்குள் வீடு கட்டிக் குடிபோனார். 1892-ல் பண்ணையை விற்றுவிட்டார். வறட்சிப் பூமியில் 154 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதை அதற்குள் டகோட்டாவில் நிறையப் பேர் கண்டுகொண்டார்கள். லாராவும் கணவர் அல்மான்சோ வைல்டரும் அதில் அடக்கம். கடன், தீவிபத்து, நோய், பெயர் வைப்பதற்கு முன்பே இறந்த ஓர் ஆண் குழந்தை, எல்லாம் பட்டு 1894-ல் மிசூரிக்குப் போய்விட்டார்கள்.

சார்லஸ் எங்கும் போகவில்லை. கால் தரிக்காதவர் என்று பெயரெடுத்தவர், 1879-லிருந்து சாகும்வரை 22 வருடத்துக்கு மேல் டி ஸ்மெட்டை விட்டு நகரவே இல்லை. தச்சு வேலை, சமாதான நீதிபதி, சிறுகடை, இன்ஷூரன்ஸ் என்று ஊருக்குள்ளேயே பிழைப்பு. கடன் துரத்தாதபோது அவர் ஓடவில்லை. இந்த ஆய்வில் எனக்கு வலுவாகப் படுகிற சான்று இந்த அசையாமைதான். மேற்கே ஆரிகன் வரை போக அவருக்கு ஆசை இருந்தது, இனி நகர மாட்டேன், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கேரலைன் சொல்லிவிட்டார் என்பது வீட்டுக் கதை. அதை நம்பத் தடையில்லை. ஆனால் மனைவி பேச்சைக் கேட்டு நிற்க, நிற்பதற்கு ஒரு பிழைப்பும் வேண்டும். டி ஸ்மெட்டில் அது இருந்தது.

1902 ஜூன் 8 அன்று சார்லஸ் இறந்தார். கேரலைன் 1924-ல், மேரி 1928-ல், கிரேஸ் 1941-ல், கேரி 1946-ல், லாரா 1957-ல், தொண்ணூறு வயது முடிந்த மூன்றாம் நாள். மேரி மணம் செய்துகொள்ளவில்லை. கிரேஸுக்குப் பிள்ளைகள் இல்லை. கேரி, மனைவியை இழந்தவரைக் கட்டி அவர் பிள்ளைகளை வளர்த்தார். லாராவுக்குத் தங்கியது ரோஸ் ஒருத்தி. ரோஸின் ஆண் குழந்தையும் பிறந்தவுடன் போய்விட்டது. 1968-ல் ரோஸ் இறந்தபோது சார்லஸ், கேரலைன் தம்பதியின் நேர் வம்சம் முடிந்தது. புத்தக உரிமை அவருடைய வழக்கறிஞருக்குப் போனது. பிற்பாடு, லாராவின் உயிலின்படி அது எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று மிசூரியில் ஒரு நூலகம் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது.

1935-ல் வந்த கான்சாஸ் நாவலின் முதல் பக்கத்தில், அந்த இடத்தில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. வாசகர் ஒருவர் எழுதிக் கேட்ட பிறகு, 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குடியேறிகள்’ என்று மாற்றினார்கள். தப்புதான் என்று லாராவும் ஒப்புக்கொண்டு திருத்தச் சொன்னார். 2018-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, அவர் பெயரில் கொடுத்துவந்த விருதின் பெயரையே மாற்றிவிட்டது.

இன்று இங்கல்ஸ் வம்சம் என்று சொல்லிக்கொண்டு டி ஸ்மெட் வருகிறவர்கள் சார்லஸின் உடன்பிறந்தவர்கள் வழி வந்தவர்கள். ஊருக்கு வெளியே அந்த 154 ஏக்கரில், மனைவிக்கும் நான்கு பெண்களுக்குமாக ஆளுக்கொன்று என்று சார்லஸ் வைத்ததாகச் சொல்லப்படும் காட்டன்வுட் மரங்களை அவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஐந்து மரங்கள். ஃபிரெடிக்கு மரம் இல்லை.